வீட்டிலேயே செகா: பாதத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மொரீசியஸ் தீவின் மரபு ஆட்டமான செகாவை ஆட, இடுப்பை ஆட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். செகாவில் இடுப்பை யாரும் ஆட்டுவதில்லை. பாதம் நகர்கிறது, முழங்கால் மாறி மாறி மடங்குகிறது, அதற்கு இசைந்து இடுப்பு தானாக அசைகிறது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால், வேலை முடிந்து வீடு திரும்பிய களைப்போடும் அரை மணி நேரம் ஆடலாம். முடித்ததும் உடம்பு லேசாக இருக்கும், தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அலுவலகப் பேச்சும் அடங்கியிருக்கும்.

மொரீசியஸில் பிறந்து வளர்ந்த நமக்குக் கல்யாண வீட்டிலும் கடற்கரைப் பிக்னிக்கிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய தாளம் இது. ஆனாலும் நம் வீடுகளில் பலர், குறிப்பாக நாற்பதைத் தாண்டிய பெண்கள், ஓரமாக நின்று கைதட்டுவதோடு சரி. ஆசை இல்லாமல் இல்லை, கூச்சம்தான். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் பழகினால் அந்தக் கூச்சம் போய்விடும்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் இந்தத் தீவில் உருவாக்கிய ஆட்டம் செகா. இங்கே அடிமை முறை ஒழிந்தது 1835-இல். அதற்கு முன்னும் பின்னும், நாளெல்லாம் பிறருக்காக உழைத்த உடம்புகள் இரவில் தங்களுக்கென்று அசைந்த ஆட்டம் இது. 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மொரீசியஸின் மரபுச் செகாவைச் சேர்த்தது. துயரத்தை இறக்கிவைக்கவே பிறந்ததால்தான் மன அழுத்தம் குறைய ஆடுபவர்களுக்கு இது இவ்வளவு பொருந்துகிறது. கற்கும்போது ஓட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆடிக்காட்டும் வடிவத்தைப் பின்பற்றாதீர்கள். பார்வையாளருக்காக அங்கே எல்லா அசைவும் பெரிதாக்கப்பட்டிருக்கும். செகா திபிக் எனப்படும் பழைய பாணியில், ரவான் என்ற தோல் மேளம், மரவான் என்ற கிலுகிலுப்பைப் பெட்டி, திரியாங் என்ற உலோக முக்கோணம் மூன்றும் குரலும் மட்டும் ஒலிக்கும் பதிவுகளைத் தேடியெடுங்கள். தாளம் அதில்தான் தெளிவாகக் கேட்கும்.

இடம், தரை, உடை

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் இருந்தால் போதும். சலோனில், அதாவது வரவேற்பறையில், உள்ள மேசையைச் சுவரோரம் தள்ளினால் பெரும்பாலான வீடுகளில் அது கிடைத்துவிடும். கம்பளம் இருந்தால் முழுவதும் சுருட்டிவிடுங்கள். செகாவில் பாதம் தரையை விட்டு எழும்பாமல் உரசியே நகர்வதால் கம்பளத்தின் ஓரம் காலைத் தட்டிவிடும்.

தரையின் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். மேட்டுநிலத்து ஊர்களான கியூர்பிப், வாக்வா பக்கம் மழை நாட்களில் டைல்ஸ் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாது, பாதத்தை இழுத்துப் பார்த்தால் ‘கிறீச்’ என்று ஒட்டும். அப்படி ஒட்டும் தரையில் ஆடினால் பாதம் நிற்க, முழங்கால் மட்டும் திரும்பும். முழங்கால் வலியின் தொடக்கமே அதுதான். உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்துவிட்டு ஆடுங்கள். வழுக்கட்டும் என்று பவுடர் தூவாதீர்கள், காலுறையோடும் ஆடாதீர்கள். முதல் திருப்பத்திலேயே விழ நேரும். வெறுங்கால்தான் நல்லது. குளிர்காலத்தில் தரை சில்லிட்டால், அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான பழைய துணிச் செருப்பு இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலோடு ஆடவே கூடாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது. மென்மையான மூடிய காலணியோடு ஆடுங்கள், முடித்தபின் உள்ளங்காலைப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் ஆடுமுன் இரத்தச் சர்க்கரையை அளந்து, லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

உடைக்கு நம் வீட்டுப் பாவாடையே அருமையாகப் பொருந்தும். கெண்டைக்காலின் நடுவரை நீளமும், இரு கையாலும் விரித்துப் பிடிக்கும் அளவு சுற்றும் இருக்க வேண்டும். கணுக்கால்வரை தொங்கினால் கீழே இறங்கும் அசைவில் காலடியில் மாட்டும். சேலை வேண்டாம், கொசுவம் முழங்காலை அடைத்துவிடும். சுடிதார்தான் வசதி என்றால் இரண்டரை மீட்டர் துப்பட்டாவை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, இரு முனையையும் கையில் பிடித்தால் பாவாடை ஓரம் பிடித்துப் பழகியதாகிவிடும். ஆண்களுக்குக் கெண்டைக்கால்வரை மடித்த தளர்வான கால்சட்டை.

தாளம்: தகிட தகிட

கால் வைக்குமுன் காதைப் பழக்குங்கள். செகாவின் தாளம் ஆறு சிற்றெண்ணிக்கைகள் கொண்டது. அவை மூன்று மூன்றாகப் பிரியும். நமக்கு இது புதிதே இல்லை. திஸ்ர நடைதான்: தகிட, தகிட. கும்மிப் பாட்டுகள் பலவும் இதே நடையில் போகும். பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே வாயால் ‘தகிட தகிட’ சொல்லுங்கள். ‘த’ வரும் இடத்தில் மட்டும் தொடையில் தட்டுங்கள். ஒரு பாட்டு முழுவதும் தட்டுத் தவறாமல் வந்தபிறகு எழுந்து நிற்கலாம். சிலருக்கு முதல் நாளே வந்துவிடும், சிலருக்கு மூன்று நாள் ஆகும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள் பின்னால் எல்லாப் படியிலும் திணறுவார்கள்.

பாட்டின் வேகத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 வினாடிக்குள் எத்தனை ‘த’ விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கான கணக்கு வரும். 80 முதல் 95 வரை தொடங்குபவர்களுக்கு ஏற்றது. 120 உள்ள பாட்டு பிடித்திருந்தால் போனில் வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள், 90 ஆகிவிடும். ரொட்ரிக்ஸ் தீவின் செகா தாம்பூரை முதல் மாதத்தில் தொடாதீர்கள். அதன் ஓட்டம் வேகமானது, புதியவர்களின் கால் பின்னிக்கொள்ளும்.

உடம்பைத் தயார் செய்தல்

நாலு நிமிடம் போதும், ஆனால் எல்லோருக்கும் ஒரே பயிற்சி ஒத்துவராது. எபேன் அலுவலகப் பகுதியில் கணினி முன் நாளெல்லாம் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பின் முன்பகுதி இறுகியிருக்கும். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக வைத்து, முன்காலை மெல்ல மடக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 வினாடி நிற்க வேண்டும். தொழிற்சாலையிலோ கடையிலோ நின்றே வேலை பார்த்தவர்களுக்குக் கெண்டைக்கால்தான் இறுகும். சுவரில் கை ஊன்றி, பின்குதிகாலைத் தரையில் அழுத்தி அதே 30 வினாடி. பிறகு எல்லோரும் கணுக்காலைச் சுழற்றி, தோளைத் தளர்த்தி, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் தாளத்துக்கு நடந்தால் போதும்.

முதல் படி: எடை மாற்றம்

பாதங்கள் இடுப்பகலத்துக்குத் தள்ளி, விரல்கள் நேரே முன்னோக்கி. முழங்கால்கள் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். விறைத்து நின்றால் இனிச் சொல்லும் எதுவும் வராது. முதல் ‘த’வில் உடல் எடை முழுவதும் வலது பாதத்துக்கு, அடுத்த ‘த’வில் இடது பாதத்துக்கு. எடை வலதில் இருக்கும்போது இடது முழங்கால் முன்னே மடங்கும், இடது குதிகால் ஒரு விரற்கடை எழும்பும். ஆனால் முன்பாதம் தரையை விடாது. ‘கிட’ என்ற இரு எண்ணிக்கையும் எடை நகர்வதற்கான நேரம். வெட்டென்று தாவாமல் அந்த நேரத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். மடங்கும் கால் பக்கத்து இடுப்பு சற்றே இறங்கி, எடை தாங்கும் பக்கம் சற்றே வெளித்தள்ளும். நீங்கள் எதுவும் செய்யாமலே இது நடந்தால் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இடுப்புக்கு மேலே பால்குடம் சுமப்பவரைப் போல நிதானம் வேண்டும். தோள்கள் இடவலமாக ஆடினால் எடையை முதுகால் தள்ளுகிறீர்கள் என்று பொருள். அந்தத் தள்ளல்தான் கீழ்முதுகு வலிக்குக் காரணம். முழங்காலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் தோள் அடங்கும்.

பரதம் கற்றவர்களுக்கு இந்தப் படியில் ஒரு சிக்கல் உண்டு. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலோ கோயில் வகுப்பிலோ சில ஆண்டு ஆடியவர்களின் கால், தாளம் கேட்டதும் அரைமண்டிக்குப் போய் முழங்காலைப் பக்கவாட்டில் திறக்கும்; பாதம் தட்டடவுக்குத் தயாராகும். இரண்டுமே இங்கே கூடாது. முழங்கால் முன்னோக்கியே மடங்க வேண்டும், பாதம் தட்டக் கூடாது. கும்மி ஆடியவர்களுக்கும் குனிந்து நிமிர்ந்து காலெடுத்து வைக்கும் வழக்கம் குறுக்கே வரும். தாளம் கைவசம் இருப்பதால் காலை மட்டும் மாற்றிப் பழகினால் போதும்.

இரண்டாம் படி: உரசல் நடை

எடை மாற்றம் ஐந்து நிமிடம் தடையின்றி வந்தபின், வலது ‘த’வில் வலது பாதத்தை ஐந்து சென்டிமீட்டர் முன்னே உரசித் தள்ளுங்கள். இடது ‘த’வில் இடது பாதம் அதன் பக்கத்துக்கு உரசி வந்து சேரும். எட்டு ‘த’ முன்னே, எட்டு ‘த’ பின்னே. ஐந்து சென்டிமீட்டர் என்பது சின்ன அளவுதான். ஒரு சாண் அளவுக்கு எட்டி வைத்தால் பாதம் எழும்பி நடையாகிவிடும்.

மணலில் ஆடிய ஆட்டம் என்பதை நினைவில் வையுங்கள். மணலுக்குள் காலைத் தூக்கி வைத்தால் களைப்பு, உரசினால் சுகம். அடுக்குவீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு: தட்டும் ஓசை இல்லாததால் கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இரவு எட்டு மணிக்கும் ஆடலாம்.

முன்பாதம் எரிந்தால் உரசாமல் ஒரே இடத்தில் முறுக்குகிறீர்கள். கெண்டைக்கால் பிடித்தால் குதிகால் தரைக்குத் திரும்பவே இல்லை. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் அது உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள். முழங்கால் எப்போதும் இரண்டாவது கால்விரலின் நேருக்கு மடங்க வேண்டும். வலி கூர்மையாக இருந்தாலோ வீக்கம் கண்டாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மூச்சு வாங்கினால்? வாயைத் திறந்து ‘தகிட’ சொல்லிக்கொண்டே ஆடுங்கள். சொல்ல முடிகிற வேகம்தான் உங்களுக்குச் சரியான வேகம். மனதுக்குள் எண்ணுபவர்கள் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். உரக்கச் சொன்னால் மூச்சு வெளியேறித்தான் ஆக வேண்டும். மன இறுக்கம் தளர்வதற்கும் இந்த உரக்கச் சொல்லல் பெரிதும் உதவுகிறது. வாய் தாளத்தையும் கால் தரையையும் பிடித்திருக்கும்போது, காலையில் மேலாளர் சொன்னதைத் திரும்பத் திரும்ப அசைபோட மனத்துக்கு இடமிருக்காது.

மூன்றாம் படி: பாவாடையும் கையும்

பாவாடையின் இரு ஓரத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்து, கையை இடுப்புயரத்தில் விரியுங்கள். எடை வலதுக்குப் போகும்போது வலது கை சற்றே முன்வந்து துணியை அலையவிடும், பிறகு இடது. மணிக்கட்டுதான் அசைய வேண்டும். தோளிலிருந்து வீசினால் இரண்டாவது பாட்டிலேயே கழுத்து இறுகும். ஆண்கள் முழங்கையை மடக்கி, கைகளை மார்புக்குக் கீழே திறந்து வைத்தால் போதும்.

நான்காம் படி: சுற்று

ஒவ்வொரு ‘த’வுக்கும் 45 பாகை. எட்டில் ஒரு முழுச் சுற்று. முன்கதவு, சன்னல், பூசை அலமாரி, சமையலறை வாசல் என்று நாலு திசைக்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, இரண்டு ‘த’வுக்கு ஒரு முறை பார்வையை அடுத்த அடையாளத்துக்கு மாற்றினால் தலை சுற்றாது. ஒரு பக்கம் சுற்றியபின் மறுபக்கமும் சுற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: கீழே இறங்குதல்

செகாவின் அழகே இங்கேதான். ரவான் சூடேறும்போது ஆடுபவர் முழங்காலை மேலும் மேலும் மடக்கி, உடம்பைச் சற்றுப் பின்சாய்த்து, தாளம் விடாமல் தரையை நோக்கி இறங்குவார். பார்க்க எளிது, தொடைக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. இரண்டு வாரம் முதல் மூன்று படிகளைப் பழகாமல் இதைத் தொடாதீர்கள்.

கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதங்களை முன்பைவிட ஒரு கையகலம் அதிகமாக விரித்து, எட்டு ‘த’வில் கால்வாசி இறங்குங்கள். அங்கேயே எட்டு ‘த’ எடை மாற்றம், எட்டில் மேலேறல். இறங்குவதைவிட ஏறும்போதுதான் முழங்கால் தடுமாறும். ஏறும் எட்டு எண்ணிக்கையிலும் மூச்சை விட்டுக்கொண்டே ஏறுங்கள். ஒரு வாரத்துக்குப் பின் நாற்காலி இல்லாமல், அதன்பின் பாதிவரை. பின்சாய்வைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் இடுப்பை ஒடித்து அல்ல, முழங்காலிலிருந்து உடல் ஒரே நேராகச் சாயும்படி. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படியை விட்டுவிடலாம். செகாவின் இன்பம் உரசல் நடையிலேயே நிறைந்திருக்கிறது.

மரவான் செய்துகொள்ளலாம்

உண்மையான மரவான், கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய தட்டைப் பெட்டி. உள்ளே விதைகள் உருளும். வீட்டுக்கு ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பா போதும்: 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 5 உயரம். உள்ளே கொஞ்சம் உலர்ந்த கடலைப் பருப்பு. டப்பாவை நிரப்பினால் ஓசை வராது. அடிப்பரப்பில் மூன்றிலொரு பங்கு மூடினால் சரி. இரு கையாலும் கிடையாகப் பிடித்து வலமும் இடமுமாகச் சாய்க்க வேண்டும். பருப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு சேரச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், ‘த’ வரும் கணத்தில் சாய்த்தால் ஓசை பிந்தும். ‘கிட’விலேயே சாய்க்கத் தொடங்கினால் ‘த’வில் விழும். வீட்டில் ஒருவர் இதை ஆட்ட, மற்றவர் ஆடலாம். புயல் எச்சரிக்கை மூன்றில் எல்லோரும் உள்ளே அடைபட்டு, மின்சாரமும் போன மாலையில் பிள்ளைகளை அமைதிப்படுத்த இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைப்பது அரிது.

அரை மணி நேரத்தை எப்படி அடுக்குவது

நாலு நிமிடம் தயாரிப்பு, ஆறு நிமிடம் எடை மாற்றமும் உரசலும். பிறகு நாலைந்து பாட்டு: மெதுவான ஒன்று, நடுவேகத்தில் இரண்டு, மனம் கேட்டால் வேகமான ஒன்று. கடைசியில் மீண்டும் மெதுவான பாட்டுக்கு நின்ற இடத்திலேயே எடை மாற்றம். இந்தக் கடைசி நாலு நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தான் ‘ஆடினால் தூக்கம் வரவில்லை’ என்கிறார்கள். நெஞ்சுத் துடிப்பு இறங்காமலே படுக்கப் போனால் தூக்கம் எப்படி வரும்? மூச்சை மெல்ல இழுத்து, இழுத்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் எடுத்து விடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு பெரியவர்களுக்கு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் இப்படி ஆடினால் அந்தக் கணக்கும் நிறைந்துவிடும்.

முதல் மாதத்தில் போனில் படம் பிடிக்காதீர்கள். திரையில் பார்த்ததும் குறை தேடத் தொடங்கும் மனம், இளைப்பாற வந்ததை மறந்துவிடும். கண்ணாடியையும் முதல் படிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாட்களிலும், கோவிந்தன் விரத மாதமான புரட்டாசியிலும் வீட்டில் செகா வேண்டாம் என்பது பல குடும்பங்களின் வழக்கம். அந்நாட்களில் பக்திப் பாட்டுக்குக் கும்மி ஆடுங்கள், ‘தகிட’ காதிலிருந்து நழுவாது. காவடி எடுத்துச் சூடான தார்ச்சாலையில் நடந்தவர்கள், உள்ளங்கால் கொப்புளம் முழுதும் ஆறும்வரை உரசல் நடைக்குத் திரும்பக் கூடாது.

இருவராக ஆடும்போது

எதிரெதிரே ஒரு கை நீளத்தில் நில்லுங்கள். எட்டு ‘த’வில் நெருங்கி, எட்டில் விலகுங்கள். மரபுச் செகாவில் தொட்டுக்கொள்வதில்லை. நெருங்கித் தொடாமல் விலகுவதில்தான் விளையாட்டு. அதனால் கணவன் மனைவி மட்டுமல்ல, அத்தையும் மருமகளும், தாத்தாவும் பேத்தியும் கூச்சமின்றி ஆடலாம். ஒருவர் வலதில் தொடங்கினால் எதிரில் இருப்பவர் இடதில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் எதிரெதிர்த் திசையில் அசைவீர்கள்.

இரண்டு மூன்று மாதத்தில், நேரில் ரவான் ஒலிக்கும் இடத்துக்குத் துணிந்து போகலாம். பதிவு செய்த பாட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: நேரில் வேகம் ஒரே சீராக நிற்காது, ஆட்டத்தோடு ஏறிக்கொண்டே போகும். முதலில் வட்டத்தின் ஓரத்தில் நின்று எடை மாற்றம் மட்டும் செய்யுங்கள். கால் தாளத்தைப் பிடித்ததும் உள்ளே நுழையுங்கள். வேகம் உங்களைத் தாண்டிவிட்டால் நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு ‘த’வுக்கு ஒரு எடை மாற்றம் என்று பாதியாகக் குறைத்துக்கொண்டால் தாளத்துக்குள்ளேயே இருப்பீர்கள். ஆட்டுத்தோல் ரவான் ஈரக் காற்றில் தளர்ந்துவிடும் என்பதால் வாசிப்பவர்கள் இடையிடையே அதைத் தீயில் காய்ச்சுவார்கள். அந்த இடைவேளையில் தண்ணீர் குடித்துக் கெண்டைக்காலை நீட்டிக்கொள்ளுங்கள். காய்ச்சிய தோலில் அடுத்த பாட்டு முன்னதைவிட வேகமாகத்தான் தொடங்கும்.